முதல் ஓலை

இன்ட்ரோ நாலு பார், நாலு தாளச் சுற்று, அது ஒண்ணாம் பெட்டி. பல்லவி எட்டு பார், ரெண்டாம் பெட்டி, ரெண்டு தடவை. இடையிசை மூணு. சரணம் நாலு. பியூலாவின் விரல்கள் கீபோர்டின் சின்னத் திரையில் பெட்டி பெட்டியாகப் பாட்டை அடுக்கிக்கொண்டே போயின. விரல்களுக்கென்ன, அவை காகிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லையே. திருப்பிப் பார்த்தது அவள்தானே. பார்த்து அஞ்சு நிமிஷம் இருக்குமா, இருக்காது, அதற்குள் நெஞ்சில் யாரோ உரலை இறக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது. நாளைய ஞாயிறு ஆராதனைக்கு என்னென்ன பாட்டு, எத்தனை சரணம் என்று எழுதின காகிதம் அது. கிருபாபுரத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவது. அந்த ஐயர் சனிக்கிழமைதோறும் மத்தியானம் ரெண்டு மணிக்கு அதைக் கோயிலில் கொண்டுவந்து கொடுப்பார். பியூலா ஒவ்வொரு பாட்டையும் துண்டு துண்டாக வாசித்து மெஷினில் பதிந்து, எந்தத் துண்டுக்கு அப்புறம் எந்தத் துண்டு, எத்தனை தடவை என்று வரிசை கட்டி வைத்துவிடுவாள். ஞாயிறு காலையில் தாளத்தையும் பக்கவாத்தியத்தையும் மெஷின் பார்த்துக்கொள்ளும், அவள் மேலே ராகத்தை வாசித்தால் போதும். எட்டு வருஷமாக இதுதான் சனிக்கிழமை. இன்றைக்கு ஐயர் காகிதத்தைக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "ஓலை வாசிச்சு முடிச்ச உடனே ஒரு சின்ன மியூசிக் போட்டுரும்மா. அரை நிமிஷம் போதும், அமைதியா இருக்கட்டும்" என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, "உனக்குப் பெரிய மனசும்மா" என்றார். அரை நிமிஷ மியூசிக்குக்கா பெரிய மனசு, இந்த ஐயருக்கு எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வரும் என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே யார் வீட்டுக்கோ ஜெபம் பண்ணப் போய்விட்டார்.

ஓலை என்றால் கல்யாண ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெண் பெயரைச் சபை முழுக்கக் கேட்க வாசிப்பார்கள், ஆட்சேபம் இருக்கிறவர்கள் சொல்லலாம் என்பார்கள், ஒருத்தரும் சொன்னது கிடையாது, பிறகு பாட்டு. நாலு பாட்டை அடுக்கி முடித்து, யாருக்கு ஓலை என்று பார்க்கத்தான் காகிதத்தைத் திருப்பினாள். எல்லாருக்கும் இருக்கிற ஆசைதானே அது. கீழத்தெரு, காலஞ்சென்ற ஆபிரகாம் அவர்களின் மகன் சாமுவேல் பாக்கியநாதன், மனைவியை இழந்தவர். அட, நம்ம பாக்கியநாதன் மாமாவா, இந்த வயசிலேயா, அறுபது தாண்டியாச்சே என்று ஒரு வரி சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே அடுத்த வரி. பால்வாடித் தெரு, காலஞ்சென்ற ஞானதாஸ் அவர்களின் மனைவி எலிசபெத் செல்லக்கனி, விதவை. முதலாம் ஓலை. எலிசபெத் செல்லக்கனி என்பது பியூலாவின் அம்மா. காலையில் தேங்காய்ச் சட்டினியில் உப்பு கூடிப்போச்சா என்று ரெண்டு தடவை கேட்ட அம்மா. பால்வாடி டீச்சர் என்று ஊருக்கே தெரிந்த அம்மா. ஐம்பத்துநாலு வயசு, ரெண்டு முழங்காலிலும் வலி, ராத்திரி தைலம் தேய்க்காமல் படுக்காத அம்மா. வேறு செல்லக்கனி இருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் தெரு முழுக்கத் தேடினாள். தேடுகிறவளுக்கே தெரியும், பால்வாடித் தெருவில் ஒரு ஞானதாஸ்தான், அவருக்கு ஒரு பெண்டாட்டிதான், ஒரு பிள்ளைதான். அந்தப் பிள்ளை இங்கே கீபோர்டு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அஞ்சாம் பெட்டி என்ன? எப்போதும் போல அந்தக் காலி பார். தட்டினாள். அங்கே கை நின்றுவிட்டது. சே! அந்தக் காலி பார் யாருக்காக? பாக்கியநாதன் மாமாவுக்காகத்தான். கொயரில், சபைப் பாடகர் குழுவில், கீழ்க்குரல் பாடுகிறவர் அவர் ஒருத்தர்தான், பியூலாவின் இடது காதுக்கு நேர் பின்னால் நிற்பார், ஏலக்காய் வாசத்தோடு மூச்சு விடுவார், எல்லாரும் சரணத்தை எடுத்து ஒரு அடி வைத்த பிற்பாடுதான் அவருக்கு ஞானம் வந்து எடுப்பார். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், கம்பத்தில் ஏறி ஏறி நிதானம் ஊறிப்போனதோ என்னவோ. முதல் வருஷம் கோபமாக வந்தது. ரெண்டாம் வருஷம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: இடையிசைக்கும் சரணத்துக்கும் நடுவில் வெறும் தாளம் மட்டும் ஒரு பார் விட்டுவிடுவது, அந்த ஒரு பாரில் மாமா மூச்சை இழுத்துத் தயாராகிவிடுவார். இது அவளுக்கும் மெஷினுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஏழு வருஷமாக ஒவ்வொரு பாட்டிலும் அந்த மனுஷனுக்கு இடம் விட்டுக் கொடுத்தது நான்தானே, நானே பாய் விரித்துக் கொடுத்திருக்கேனே என்று நினைத்ததும் கன்னம் சுட்டது. என்ன நினைப்பு இது, கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு. அஞ்சாம் பெட்டியை அழித்தாள். நாளைக்குப் பிந்தட்டும், ஊரே திரும்பிப் பார்க்கட்டும். அழித்த பிறகு பாட்டைக் கேட்டுப் பார்த்தாள். இடையிசையிலிருந்து சரணம் பொத்தென்று விழுந்தது, நன்றாகவே இல்லை. எரிச்சலோடு திரும்பச் சேர்த்தாள்.

எப்போதிருந்து? இதுதான் முள்ளாக நின்றது. அவருடைய பெண்டாட்டி இறந்து ஆறு வருஷம், அந்த அடக்க ஆராதனைக்கு வாசித்ததே பியூலாதான், அன்றைக்கு அவர் பாடவில்லை, முதல் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்பா போய் ஒன்பது வருஷம். இந்த ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எந்த இடத்தில் இது முளைத்தது? சபை விருந்தில், அசனப் பந்தியில் அம்மா சோறு போடுவாள், அவர் சாம்பார் வாளி தூக்குவார், அதிலேயா? பால்வாடியில் மின்விசிறி ஓடவில்லை என்று போன வருஷம் அவர்தான் வந்து ஏணி போட்டு ஏறினார். அம்மா வீட்டில் வந்து, "பாவம், அந்த மனுசன் ஒரு காப்பித்தண்ணி கூட வாங்கிக் குடிக்கலை" என்று சொன்னாள். சொன்னாளா? சொன்னாள். பியூலா அதற்கு என்ன சொன்னாள், ஒன்றும் சொல்லவில்லை, ஏதோ பாட்டை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸுக்குத் தெருத்தெருவாகப் பாடிப் போகிற கீதபவனியில் அம்மா கால்வலியோடு நடந்தபோது யார் டார்ச் அடித்துக்கொண்டு கூட வந்தது? அவர்தான். ஐயையோ, எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது, ஊருக்கே தெரிந்திருக்கும், நான்தான் கண்ணிருந்தும் குருடியாக நடந்திருக்கேன். இனிமேல் அவரை என்னவென்று கூப்பிடுவது? மாமா என்றா? அம்மாவைக் கட்டினவரை மாமா என்று கூப்பிடுவார்களா எங்கேயாவது? அப்பா என்று ஒரு நாளும் வராது, கழுத்தை அறுத்தாலும் வராது. அந்த வார்த்தைக்கு ஒரு முகம்தான் உண்டு, வேலையிலிருந்து வந்து, கிரீஸ் அப்பின உள்ளங்கையால் தொடாமல் புறங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டவருடைய முகம். அப்பாவுடைய படம் முன்னறையில் இருக்கிறதே, அது எங்கே போகும்? அப்பாவுடைய கட்டில் இருக்கிறது. வேலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டு வாளி இருக்கிறது, மூடி நெளிந்தது, அம்மா இன்னும் அதில்தான் புளி வைத்திருக்கிறாள். இல்லை, பாக்கியநாதன் மாமா இங்கே வர மாட்டார், அம்மாதான் கீழத்தெருவுக்குப் போவாள். அப்படியென்றால் வீட்டில் பியூலா மட்டும். காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, "ஏட்டி, ஸ்கூலுக்கு மணியாச்சு" என்று யார் சொல்வார்கள்? முப்பத்திரண்டு வயசில், ஸ்கூலில் மியூசிக் டீச்சராக இருக்கிற ஒருத்தி இதற்குப் போய் பயப்படுவாளா என்று கேட்டால், பயப்படுவாள். பயந்தாள். தட்டின எண் பக்கத்துப் பெட்டியில் போய் விழுந்தது.

அதை விடு. நாளைக்கு என்ன ஆகும், அதை நினைத்துப் பார். ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை எடுப்பார். கீழத்தெரு, பாக்கியநாதன் என்று வாசித்ததும் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு, முந்தானைக்குள் நாலு சிரிப்பு. அடுத்து, பால்வாடித் தெரு என்பார். அப்போது நூற்றைம்பது தலையும் கீபோர்டு பக்கம் திரும்பும். ஏன் திரும்பாது, இந்தச் சபை எட்டு வருஷமாகப் பியூலாவின் ஓலைக்குக் காத்திருக்கிறது. மூணு இடம் வந்து தட்டிப் போனதை ஆள் ஆளுக்குக் கணக்கு வைத்து விசாரிக்கிறார்கள். ஞானதாஸ் அவர்களின் என்று வாசிக்கும்போது, அப்பாடா, பிள்ளைக்கு ஒரு வழி பிறந்தது, மாப்பிள்ளை கொஞ்சம் வயசாளியா இருந்தாத்தான் என்ன என்று கூட ஒன்று ரெண்டு பேர் நினைத்துவிடுவார்கள். அடுத்த வார்த்தை மகள் என்று வரணும். மனைவி என்று வரும். அந்த இடத்தில் நூற்றைம்பது முகமும் என்ன ஆகும் என்று பியூலாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு தாய்க்காரிக்குக் கல்யாணமாம். இது வெளியே வராது, கோயிலை விட்டு இறங்கி வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டும்போதுதான் வரும். ஆனால் அவள் அதுவரைக்கும் எழுந்துபோக முடியாதே. ஓலை முடிந்த உடனே அரை நிமிஷ மியூசிக் போடணுமே, அமைதியாக! அந்த அரை நிமிஷம் முழுக்க எல்லாரும் அவள் கையையும் முகத்தையும்தான் பார்ப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்பாரே ஐயர், எழுந்து சொன்னால் என்ன? என்னவென்று சொல்வது? எனக்கு முன்னால் எங்கம்மாவுக்கா என்றா? அது ஆட்சேபமா, வயிற்றெரிச்சலா? வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. தன் வயிற்றெரிச்சலை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அம்மா மேல் பொறாமைப்படுகிற பிள்ளையும் உலகத்தில் உண்டா? இருக்கிறாளே, இதோ.

ப்ளே பட்டனை அழுத்தியிருந்தாள் போல, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்ட்ரோ, பல்லவி, பல்லவி, இடையிசை, காலி பார், சரணம், பல்லவி, முடிஞ்சாச்சு என்று பார்த்தால் மறுபடி இன்ட்ரோ. மறுபடி பல்லவி. கடைசிப் பெட்டியில் முடிவுக் குறி போடாமல் விட்டிருக்கிறாள். முடிவுக் குறி போடாவிட்டால் மெஷின் தலைக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்துவிடும், விட்டால் சாயங்காலம் வரைக்கும் வாசிக்கும். எட்டு வருஷத்தில் செய்யாத தப்பு. அதை நிறுத்தக் கூடத் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மூணாவது சுற்றில்தான் உள்ளே ஒன்று சூடாகக் கிளம்பியது. ஐயருக்குத் தெரிந்திருக்கிறது. நாளைக்கு ஊருக்குத் தெரியப்போகிறது. பெற்ற பிள்ளைக்குக் காகிதத்தின் பின்பக்கத்தில்! ஏம்மா, ஒரே வீட்டில்தானே இருக்கோம், ஒரே சட்டியில்தானே சாப்பிடுதோம், ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நான் என்ன உன்னைத் தின்னா விடுவேன்? சொல்லாமல் கொள்ளாமல் ஐயர் வீட்டுப் படி ஏறியிருக்கிறாளே, எவ்வளவு நெஞ்சழுத்தம்! அம்மாவுக்கா? பக்கத்து வீட்டில் ஒரு கை காப்பித்தூள் கேட்கவே மூணு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருகிற அம்மாவுக்கா நெஞ்சழுத்தம்? அது பொருந்தவில்லை. எங்கேயோ ஒரு துண்டு இடம் மாறி நிற்கிறது. உனக்குப் பெரிய மனசும்மா. ஐயர் ஏன் அப்படிச் சொன்னார்? விஷயம் தெரியாதவளுக்கு மனசு பெரிசாவது சின்னதாவது. தெரியும் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். தெரிந்து, சம்மதமும் சொல்லிவிட்டாள் என்று நினைத்துத்தான். யார் சொன்னது அவரிடம், நான் சம்மதம் சொன்னேன் என்று? அம்மா சொல்லியிருப்பாள். அம்மா பொய் சொல்லுவாளா, ஐயர் முன்னால்? சொல்ல மாட்டாள். பொய் சொன்னால் அம்மாவுக்கு நாக்கு குழறும், பால்வாடிப் பிள்ளைகளிடம் கூட, ஊசி வலிக்காது என்று அவளால் சொல்ல முடியாது.

பாட்டை நிறுத்தினாள். கோயில் திடீரென்று பெரிசாகிவிட்டது. மேலே மின்விசிறி மட்டும் கடக் கடக் என்றது. ஒரு நாள் அம்மா அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். எந்த நாள்? செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தான், மறுநாள் ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளின் நடனத்துக்கு மெட்டுக் கோர்த்துக் கொடுக்கணும் என்று வீட்டில் கட்டில் மேல் மெஷினை வைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் தரையில் அம்மா, மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. அம்மாவின் வாய் அசைந்தது. அம்மாவின் வாய் எப்போதுமே அசையும், கீரை ஆய்ந்தால் கீரையோடு பேசுவாள், பூண்டு உரித்தால் பூண்டோடு. காதுக்குள் பன்னிரண்டு துண்டு ஓடிக்கொண்டிருந்தது, எத்தனையாவது பாரில் பிள்ளைகள் திரும்பணும் என்று எண்ணணும், எண்ணுகிறபோது அவளுக்குத் தலை தன்னால் ஆடும், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆட்டம். சின்ன வயசிலிருந்தே அப்படி. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள், அந்த இடையிசை நன்றாக அமைந்துவிட்டதே என்று. ஐயோ, சிரித்தாள். அம்மா கையில் ஆய்ந்த கீரையோடு அப்படியே இருந்தாள், கண் கலங்கினது தெரிந்தது, ஹெட்ஃபோனை இறக்கி என்னம்மா என்று கேட்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, இறக்கினால் எண்ணிக்கை போய்விடும் என்று இறக்கவில்லை. அப்புறம் அம்மா எழுந்து வந்து தலையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தலையில் முருங்கை இலை ஒட்டியிருந்ததை மறுநாள் ஸ்கூலில் யாரோ எடுத்தார்கள். புதன் காலையில் அம்மா குளிக்கும்போது பாடினாள். வியாழன் மீன் குழம்பு, வாரத்தின் நடுவில், ஒரு காரணமும் இல்லாமல். சர்க்கரை குறைஞ்சிருக்கும் போல, அதான் ஆள் தெளிச்சியா இருக்கா என்று நினைத்துக்கொண்டாளே இந்த மடச்சி! அம்மா சொல்லியிருக்கிறாள். எவ்வளவு நாள் ஒத்திகை பார்த்தாளோ, சொல்லிவிட்டாள். நான் தலையாட்டியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பாட்டு முழுக்க ஆட்டியிருக்கிறேன். முதலில் வந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை, இதுதான் அதிர்ச்சி. அது அடுத்தவள் செய்தது, இது அவளே செய்தது.

பக்கக் கதவு கிரீச்சென்றது. அம்மாதான். இந்த வாரம் பீடத்துக்குப் பூ வைக்கிற முறை அவளுக்கு, பை நிறையச் சம்பங்கி. புதுச் சேலை இல்லை, பழைய ஊதாச் சேலைதான், ஆனால் இஸ்திரி போட்டது. பூவைப் பீடத்துப் படியில் வைத்துவிட்டு, கீபோர்டு பக்கம் வருவதா வேண்டாமா என்று ரெண்டு அடி வைத்து நின்று, அப்புறம் வந்தாள். கண் நேராகக் காகிதத்தின் மேல் போயிற்று. அது பின்பக்கம் மேலாகக் கிடந்தது.

"ஐயர் குடுத்தாவளா?"

"ம்."

"பேரெல்லாம் சரியா எழுதியிருக்காவளா? எலிசபெத்தை விட்டுருவாவளோன்னு பாத்தேன்." அம்மா குனிந்து வாசித்தாள். விதவை என்ற இடத்தில் விரல் ஒரு கணம் நின்று தாண்டிப் போனது. "ஏட்டி, எனக்கு நாளைக்கு நினைச்சா கையும் காலும் ஓடலை. பேசாம நாளைக்கு மட்டும் காய்ச்சல்னு வீட்டுல படுத்துக்கிடட்டான்னு தோணுது. பெறவு உன்னை நினைச்சுக்கிடுவேன். நீ அங்க முன்னால உக்காந்து வாசிப்பியே, எம் பிள்ளைக்கே வெக்கமில்ல, எனக்கென்னன்னு."



"அவியகிட்ட நான் முதல்லயே சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. சொல்லும்போது குரல் தாழ்ந்து, முகத்தில் ஒரு சிறு பெண் எட்டிப் பார்த்தாள். "எம் பிள்ள சரின்னா சரி. அவ மூஞ்சி சுளிச்சான்னா இந்தப் பேச்சு அன்னையோட முடிஞ்சு, நீங்க என் வீட்டு வழியாக் கூட நடக்கக் கூடாதுன்னு. செவ்வாக்கிழம உங்கிட்ட சொல்லும்போது எனக்கு நெஞ்சு வாய்க்கு வந்துட்டு. நீ பாட்டுக்கு தலைய ஆட்டுத, ஆட்டுத, சிரிக்க வேற செய்த. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துது. நீ மட்டும் அன்னைக்குத் தலையாட்டலன்னா நான் ஐயர் வீட்டுப் படி ஏறியிருப்பனா?"

இதோ இருக்கிறது. பேசாமல் இருந்துவிடலாம். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை, எல்லாம் அதன் போக்கில் நடந்துவிடும், அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. சாகிற வரைக்கும் தெரியாது. அல்லது, உண்மையைச் சொன்னால் போதும், வேண்டாம் என்று கூடச் சொல்ல வேண்டாம், அம்மாவே போய் ஓலையை எடுத்துவிடுவாள், நாளைக்கு நூற்றைம்பது தலையும் திரும்பாது, திங்கட்கிழமை குளியலறைக் கதவை அம்மா தட்டுவாள். அந்த இரண்டாவது வழி எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதைப் பார்த்துத்தான் பியூலாவுக்குப் பயம் வந்தது. உண்மையைச் சொல்லவே பயந்தாள், அதில் தனக்கு லாபம் இருக்கிறதே என்று. ஆனால் அம்மா இன்னும் சிரித்த முகமாகவே நின்றாள், கொடுக்காத ஒன்றுக்காக. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"அம்மா, அன்னைக்கு எனக்கு ஒண்ணும் கேக்கலை."

"என்னது?"

"ஹெட்ஃபோன்ல பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் பாட்டுக்குத்தான் தலையாட்டினேன். நீ என்ன சொன்னன்னே எனக்குத் தெரியாது. இப்ப இந்தக் காகிதத்தைப் பாத்துத்தான் தெரியும்."

அம்மா அவளைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை எடுத்து, ஒன்றும் இல்லாத கையைத் துடைத்தாள். கோபம் வரும் என்று பியூலா எதிர்பார்த்தாள், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுவாள் என்று நினைத்தாள், அழவும் இல்லை.

"அப்பம் இந்த நாலு நாளும்" என்றாள் அம்மா, "நான் சும்மாவாட்டி சந்தோசமா இருந்தேன்?"



"செரி. அதுக்கென்ன." அம்மா காகிதத்தை எடுத்து நாலாக மடித்தாள். "ஐயர் வந்ததும் சொல்லிருதேன். ஓலை இன்னும் வாசிக்கலைலா, ஒருத்தருக்கும் தெரியாது. அவியகிட்டயும் நானே சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் நினைக்காத. பிள்ளை மூஞ்சியப் பாத்தியா, பேயடிச்சாப்ல இருக்கு. மத்தியானம் சாப்பிட்டியா நீ?"

அதுதான் தாங்கவில்லை. கத்தியிருக்கலாம், ரெண்டு அடி கூட அடித்திருக்கலாம். சாப்பிட்டியா என்று கேட்கிறாளே! முப்பத்திரண்டு வருஷமாக இதே கேள்வி, யாராவது ஒருத்தர் அதை இவளிடம் திருப்பிக் கேட்டிருப்பார்களா? அப்பா கேட்டதில்லை, நல்ல மனுஷர்தான், ஆனால் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தக் கீழத்தெருக்காரர் கேட்டிருப்பார் போல. பியூலா எட்டி அம்மா கையைப் பிடித்தாள். மடித்த காகிதம் ரெண்டு பேர் கைக்கும் நடுவில் கசங்கியது.

"இப்பச் சொல்லும்மா. இப்ப எனக்குக் கேக்கும்."

"என்னத்தச் சொல்ல?"

"அன்னைக்குச் சொன்னதை."

அம்மா ஆள் இல்லாத பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள், யாராவது இருக்கிறார்களா என்று. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒரு தடவை சொன்னதையே ரெண்டாம் தடவை சொல்ல அவ்வளவு கஷ்டம்.

"எனக்கு அவியளக் கட்டிக்கிடணும்னு இருக்குட்டி" என்றாள் கடைசியில். "தொணைக்குன்னு சொல்லலாம், வயசான காலத்துலன்னு சொல்லலாம். ஐயர்கிட்ட அப்படித்தான் சொன்னேன். உங்கிட்ட சொல்லுததுக்கு என்ன. எனக்கு ஆசையா இருக்கு."

அந்த வார்த்தையை அம்மா வாயால் பியூலா கேட்டதே இல்லை. சாமான் வேணும், மாத்திரை வேணும், உனக்கு ஒரு நல்ல இடம் வேணும், இப்படித்தான் கேட்டிருக்கிறாள். பியூலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்காகவா, அப்பாவுக்காகவா, தன்னந்தனியாக நிற்கப்போகிற தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்துதான் வந்தது.

"சரிம்மா" என்றாள். "வாசிக்கட்டும். எனக்கு அழுகையா வருது, ஏன்னு மட்டும் கேக்காத. ஆனா சரி."

அம்மா அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். ஒரு தடவை ஏமாந்தவள் பார்க்கிற பார்வை. அப்புறம் கீபோர்டைப் பார்த்தாள். திரையில் பெட்டிகள் வரிசையாக மினுங்கிக்கொண்டிருந்தன.

"மொதல்ல அந்த மிசின அணைச்சுட்டுச் சொல்லு."

மத்தியானத்திலிருந்து அடுக்கிய எதையும் பியூலா இன்னும் சேவ் பண்ணவில்லை. அணைத்தால் நாளைய அஞ்சு பாட்டும் போய்விடும், இருட்டும் வரை உட்கார்ந்து திரும்ப முதலிலிருந்து அடுக்கணும். ஒரு நிமிஷம் பொறு, சேவ் பண்ணிக்கிடுதேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மா காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

அணைத்துவிட்டுச் சொன்னாள்.